சரிந்த மலை யார் கணக்கில்?

பலெர்மோ நகரத்தின் பழைய சந்தை வுச்சீரியா. கசாப்புக் கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். சிசிலிக்காரர்களின் நாக்கில் அதுவே காலப்போக்கில் ‘அமளி’, ‘இரைச்சல்’ என்று பொருள் மாறிவிட்டது. ஓவியர் ரெனாத்தோ குத்தூசோ 1974இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் இருப்பது இந்தச் சந்தைதான்: தொங்கும் மாட்டிறைச்சி, வாள்மீன், குவித்துவைத்த பழங்கள், நடுவே இடித்துக்கொண்டு போகும் மனிதர்கள். தரையில் பாவியிருக்கும் கற்பலகைகளுக்கு ‘பலாத்தே’ என்று பெயர். மீன் கடைப் பனிக்கட்டி உருகி ஓடியதால் அந்தக் கற்கள் எந்நேரமும் ஈரமாகவே கிடந்தன. அதனால் பலெர்மோவில் ஒரு சொலவடை பிறந்தது. நடக்கவே நடக்காத காரியத்தை, ‘வுச்சீரியாவின் கற்கள் காயும்போது நடக்கும்’ என்பார்கள். நாம் குதிரைக்குக் கொம்பு முளைக்கட்டும் என்கிறோமே, அது மாதிரி.

இன்று அந்தக் கற்கள் காய்ந்துதான் கிடக்கின்றன. சந்தை சுருங்கிவிட்டது. பகலில் சில கடைகள், இரவில் குடியும் பாட்டுமாக இளைஞர் கூட்டம். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் விழுந்த கட்டடங்கள் சில இன்னும் எழாமல் நிற்கின்றன. நடக்காது என்று ஒரு ஊரே பழமொழி கட்டிய விஷயம், யாரும் கவனிக்காத ஏதோ ஒரு நாளில் நடந்து முடிந்துவிட்டது.

நெடுஞ்சாலைத் திட்டங்களின் இடர் மதிப்பீட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இந்தச் சந்தைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. காரணம் அந்தச் சொலவடை மட்டுமல்ல. வுச்சீரியாவிலிருந்து காரில் கிளம்பினால் ஒரு மணி நேரச் சுற்றளவுக்குள், நான்கு மாதத்துக்குள், இரண்டு சாலைகள் படுத்தன. இரண்டையும் பொறியியல் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாம். நம் பொதுப்பணித் துறையினருக்கும், நெடுஞ்சாலைத் துறையினருக்கும் வைத்தால் இன்னும் நல்லது.

முதல் சாலை, பலெர்மோவிலிருந்து தெற்கே அக்ரிஜென்தோ நகருக்குப் போவது. மெட்ஸொயூசோ என்ற சிற்றூருக்கு அருகே ‘ஸ்கோர்ச்சாவாக்கே’ என்றொரு தூண்பாலம் கட்டினார்கள். 2014 டிசம்பர் 23 அன்று, திட்டமிட்ட நாளைவிட மூன்று மாதம் முன்னதாகத் திறந்தார்கள். ஒரு வாரம் தாங்கியது. புத்தாண்டுக்குள் சாலை பிளந்து உள்வாங்கிவிட்டது. பிரதமராக இருந்த மாட்டியோ ரென்சி, பொறுப்பாளி யார், பெயரைச் சொல்லுங்கள் என்று தேசிய நெடுஞ்சாலை நிறுவனமான அனாஸிடம் பகிரங்கமாகவே கேட்டார்.

இதில் பலரும் தவறவிடும் ஒரு விவரம் உண்டு. பாலம் விழவில்லை. பாலத்தின் முட்டுச் சுவருக்குப் பின்னால், சாலை பாலத்தில் ஏறுவதற்காகக் கொட்டி இறுக்கிய மண் அணைகரைதான் இறங்கியது. நம் ஊர்ப் பொறியாளர்கள் ‘அப்ரோச்’ என்பார்களே, அந்தப் பகுதி. கான்கிரீட்டுக்கு ஆயிரம் சோதனை உண்டு. கனசதுரக் கட்டிகளை நசுக்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். மண்ணுக்கு நாம் தரும் மரியாதை குறைவு. களிமண் தரையின் மேல் பல மீட்டர் உயரத்துக்குப் பாரம் ஏற்றினால், அடியில் இருக்கும் நீர் பிதுங்கி வெளியேறி மண் படிய மாதக் கணக்கில் ஆகும், சில இடங்களில் ஆண்டுக் கணக்கில். முன்கூட்டியே கூடுதல் பாரம் ஏற்றி வைக்கலாம், மணல் வடிகால்களை இறக்கலாம், தரை எவ்வளவு இறங்குகிறது என்று அளவுத் தகடு வைத்து வாராவாரம் குறிக்கலாம். எல்லாவற்றுக்கும் வேண்டியது ஒன்றே: பொறுமையாகக் காத்திருக்கும் காலம். திறப்பு விழாத் தேதியை முன்னுக்கு இழுக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் அந்தக் காலம்தான். ‘விரைந்து முடித்துச் சாதனை’ என்ற தலைப்புச் செய்தியைக் கண்டால் எனக்குச் சற்றே பயமாக இருக்கும்.

பத்தாண்டு கழித்து இதே காட்சியை நம் பக்கத்து வீட்டில் பார்த்தோம். 2025 மே 19 அன்று கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில், தேசிய நெடுஞ்சாலை 66இன் உயர்த்திய ஆறுவழிச் சாலை இடிந்து, பக்கத்துச் சர்வீஸ் ரோடு மேல் சரிந்தது. அடியில் இருந்தது வயல். நீர் ஊறிய வயல் மண்ணின் மேல் ஏற்றிய அணைகரை, மழைக்காலம் நெருங்கியபோது தாங்கவில்லை. பிறகு அந்த இடத்தில் மண்ணுக்குப் பதில் தூண்பாலம் கட்ட வேண்டும் என்று முடிவாகியது. வயலில் காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும் என்று அந்த ஊர் நாற்று நடும் பெண்களுக்குத் தெரியும்.

இரண்டாவது சாலையின் கதை கொஞ்சம் நீளம். நான் சொல்ல வந்ததும் அதில்தான் இருக்கிறது.

பலெர்மோவையும் கத்தானியாவையும் இணைக்கும் ஏ19 நெடுஞ்சாலை சிசிலியின் முதுகெலும்பு. தீவின் நடுவே மலைகளுக்கிடையில் சுமார் 190 கிலோமீட்டர் ஓடுகிறது, 1970களில் கட்டியது. இமேரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் அதைத் தூண்களின் மேல் தூக்கிக் கொண்டுபோயிருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 10 அன்று பக்கத்து மலைச்சரிவு பெயர்ந்து வந்து தூண்களில் மோதியது. தூண் சாய்ந்தது; கத்தானியா திசைச் சாலையின் மேல்தளம், பக்கத்தில் இருந்த பலெர்மோ திசைச் சாலையின் மேல் சாய்ந்து நின்றது. உயிரிழப்பு இல்லை. ஆனால் தீவு இரண்டாகப் பிரிந்தது. லாரிகளும் பேருந்துகளும் மலைக் கிராமப் பாதைகளில் சுற்றின. கால்தவுதூரோ என்ற மலையூரில், பழைய ஆட்டு வழித்தடம் ஒன்றை, பிராந்தியச் சட்டமன்றத்தின் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தில் மிச்சம்பிடித்த பணத்தைக் கொண்டு தளம் போட்டுத் திறந்தார்கள். அதற்குப் பிறகு வந்தது அரசின் மாற்றுப்பாதை. சேதமான பகுதியை இடித்துப் புதுத்தளம் அமைத்து இரு திசையும் முழுமையாகத் திறக்க 2020 ஜூலை 31 ஆகிவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல்.

இனி முக்கியமான விஷயம். அந்த மலைச்சரிவு திடீரென்று முளைத்தது அல்ல. 2005 முதலே அது தெரிந்த சரிவு. தூண்களுக்கு வருமுன், அதே சரிவில் மேலே போன மாகாணச் சாலையை உடைத்திருந்தது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது போல, பத்தாண்டு மணியோசை கேட்டுக்கொண்டே இருந்தது. ஏன் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை?

திரும்பிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் வேறு வேறு அலுவலகத்தில் இருந்தார்கள். தூண்பாலம் அனாஸுக்குச் சொந்தம். அதன் வேலை, தூணிலிருந்து சில மீட்டர் வரை. மேலே உடைந்த சாலை பலெர்மோ மாகாண நிர்வாகத்துடையது. அந்த நிர்வாகத்தையே 2013 முதல் கலைத்து வேறு அமைப்பாக மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. சரிவுகளின் வரைபடம் பிராந்திய அரசின் இன்னொரு துறையில். நிலம் ஊராட்சி எல்லையில். மலைக்கு இந்த எல்லைகள் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு அலுவலகமும் தன் எல்லைக்குள் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று எழுதியது. நான்கு ‘சரி’களையும் சேர்த்தால் ஒரு நெடுஞ்சாலை சாய்ந்தது. அனாஸின் தலைவர் அடுத்த சில வாரங்களில் பதவி விலகினார். அவர் ஒருவரைக் குற்றம் சொல்லி முடிக்கக்கூடிய கதையாக எனக்குப் படவில்லை.

பெரிய சாலைத் திட்டம் ஒவ்வொன்றுக்கும் ‘இடர் பதிவேடு’ என்று ஒன்று தயாரிக்கிறார்கள். உலக வங்கிக் கடனோ ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோ என்றால் கட்டாயம் உண்டு. ஆபத்து என்ன, நடக்க வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் பாதிப்பு எவ்வளவு, தடுக்க என்ன வழி, பொறுப்பு யாருடையது என்று பத்திகள். வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், பாதிப்புக்கும் அப்படியே. இரண்டையும் பெருக்கி வரும் எண்ணுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு விபரீதம்: அடைமழையால் இரண்டு நாள் வேலை நிற்பது நிச்சயம் நடக்கும், பாதிப்பு சின்னது: ஐந்து பெருக்கல் ஒன்று, ஐந்து. மலை பெயர்வது அரிது, பாதிப்போ பெரிது: ஒன்று பெருக்கல் ஐந்து, அதுவும் ஐந்து. இரண்டுக்கும் ஒரே நிறம். ஆய்வுக் கூட்டத்தில் டீ வருவதற்குள் இரண்டையும் கடந்துவிடுவார்கள்.

நிறத்தைவிடக் கவலை தருவது கடைசிப் பத்தி. பொறுப்பு யாருடையது என்ற இடத்தில் ‘சம்பந்தப்பட்ட துறைகளுடன் ஒருங்கிணைப்பு’ என்று எழுதியிருந்தால், யாருடையதும் இல்லை என்று படித்துக்கொள்ள வேண்டும்.

நம் தென்பெண்ணைக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டு அருகே, சுமார் ரூ.16 கோடியில் கட்டிய உயர்மட்டப் பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் அடித்துச் செல்லப்பட்டது. மூன்று மாதம். எதிர்க்கட்சிகள் தரத்தைக் கேட்டன. அரசுத் தரப்பு, பாலம் சுமார் 54 ஆயிரம் கன அடிக்கு வடிவமைக்கப்பட்டது, சாத்தனூர் அணையிலிருந்து வந்ததோ ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் என்றது. இந்தப் பதிலில் பாதி நியாயம் உண்டு. எந்தப் பாலத்தையும் எல்லா வெள்ளத்துக்கும் கட்ட முடியாது. மீதிப் பாதிதான் உறுத்துகிறது. அணை 1950களிலிருந்து அங்கேயே இருக்கிறது. அதன் மதகுகளை முழுக்கத் திறந்தால் எவ்வளவு நீர் வரும் என்பது நீர்வளத் துறையின் கோப்பில் இருக்கும் எண். அணை ஒரு துறை, பாலம் ஒரு துறை. இமேராவில் மலைக்கும் தூணுக்கும் நடுவே இருந்த அதே இடைவெளி, இங்கே மதகுக்கும் பாலத்துக்கும் நடுவே இருந்தது.

சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலையை மறந்தவர்கள் இருக்க முடியாது. 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு ரூ.1,800 கோடியைச் சற்றே தாண்டியது. தூண்கள் எழுந்தன. 2012இல், கூவத்தின் நீரோட்டத்தைத் தூண்கள் மறிக்கின்றன, ஒப்புக்கொண்ட தடத்திலிருந்து விலகியிருக்கின்றன என்று பொதுப்பணித் துறை வேலையை நிறுத்தியது. வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறியது. பத்தாண்டு அந்தத் தூண்கள் தலையில் கம்பி நீட்டிக்கொண்டு கூவக்கரையில் நின்றன. 2022 மே 26 அன்று பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். இப்போது இரண்டடுக்கு, மதிப்பீடு ரூ.5,800 கோடிக்கு மேல். வடிவம் மாறியது, விலைவாசியும் மாறியது. வித்தியாசம் முழுவதையும் தாமதத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனாலும் கேட்கிறேன்: ஆற்றுக்குள் தூண் நடப்போகும் திட்டத்தில், ஆற்றுக்குப் பொறுப்பான துறையின் ஆட்சேபணை எப்படி ‘எதிர்பாராத இடர்’ ஆகும்? அரசியல் காரணம் என்பார்கள். இருக்கட்டுமே, ஆட்சி மாறும் என்பது தமிழ்நாட்டில் புயலைவிடத் துல்லியமாகக் கணிக்கக்கூடிய விஷயம்.

செலவு எகிறுவது நம் ஊர் நோய் மட்டுமல்ல. டென்மார்க் ஆய்வாளர் பெண்ட் ஃபிளிவ்பியர் குழு, 20 நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துப் பார்த்து 2002இல் வெளியிட்டது. பத்தில் ஒன்பது திட்டங்களில் செலவு குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. சாலைகளில் சராசரி மீறல் 20 விழுக்காடு, பாலமும் சுரங்கமும் என்றால் 34. தவறுகள் தற்செயலாக இருந்தால் கூடவும் குறையவும் சமமாக இருக்கும். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது ஏமாற்று அல்லது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது என்பது அவர் வாதம். எஸ்டிமேட் போட்டுப் பழகியவர்கள் யாரும் இதற்கு அதிர்ச்சி அடைய மாட்டார்கள்.

இடரைக் குறைப்பது ஒன்று, கைமாற்றுவது வேறு. இந்தியாவில் நாம் இரண்டாவதில்தான் அதிகம் தேறியிருக்கிறோம். முன்பு தனியார் தன் பணத்தில் சாலை கட்டி, டோல்கேட்டில் வசூலித்து எடுத்துக்கொள்ளும் முறை இருந்தது. வண்டி வராவிட்டால் நஷ்டம் அவருக்கு. நிலமும் கிடைக்காமல், வண்டியும் வராமல் பல நிறுவனங்கள் நொடித்தன. கடன் கொடுத்த வங்கிகள் மாட்டிக்கொண்டன. கடைசியில் அந்த இடர் வந்து சேர்ந்தது நம் சேமிப்பில். 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை கலப்பு முறை ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது: கட்டும்போதே 40 விழுக்காட்டை அரசு தரும்; மீதி ஆண்டுத் தவணையில்; வண்டி வராத இடர் அரசுக்கு. 80 விழுக்காடு நிலம் கைக்கு வந்த பிறகே ஒப்பந்தக் காலம் தொடங்கும். இது உண்மையான சீர்திருத்தம். யாரால் ஒரு இடரைக் கட்டுப்படுத்த முடியுமோ அவரிடம் அதைக் கொடு என்ற பாலபாடத்தை ஏற்றுக்கொண்டது.

அந்தப் பாடம் நிலத்தோடு நின்றுவிட்டது. நிலத்துக்கு அடியில் இறங்கவில்லை. உலகெங்கும் பயன்படும் ஃபிடிக் ஒப்பந்தத்தில் 4.12 என்றொரு பிரிவு உண்டு. அனுபவமுள்ள ஒப்பந்ததாரரும் எதிர்பார்த்திருக்க முடியாத நிலத்தடி நிலைமை வந்தால், கூடுதல் காலமும் செலவும் கேட்கலாம். நம் பொறியியல்–கொள்முதல்–கட்டுமான ஒப்பந்தங்களில், திட்ட அறிக்கையின் மண் விவரம் ஒரு தகவலுக்கு மட்டும். சரிபார்ப்பது ஒப்பந்ததாரர் பாடு. டெண்டர் போடக் கிடைக்கும் சில வாரத்தில் அவர் எங்கே துளை போட்டுப் பார்ப்பார்? நேர்மையானவர் பயந்து விலையை ஏற்றிப் போட்டுத் தோற்பார். கூரியாட்டு வயலைப் பார்க்காமலே விலை போடுபவர் ஜெயிப்பார். குறைந்த விலைக்காரருக்கே வேலை என்ற விதி, இந்த இடத்தில் இடரை மிகக் குறைவாக மதிப்பிட்டவரையே தேடிப் பிடித்துத் தருகிறது. திட்டச் செலவில் மிகச் சிறு பங்கு, மண்ணைத் துளையிட்டுப் பார்க்கும் செலவு. சிக்கனம் பிடிக்க முதலில் கை வைப்பதும் அதில்தான்.

உத்தரகாண்ட் சில்க்யாரா சுரங்கத்தில் 2023 நவம்பர் 12 அன்று 41 தொழிலாளர்கள் சிக்கி, 17ஆம் நாள் மீண்டார்கள். அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டத்தில் தப்பும் வழி உண்டு என்று இருந்தது. மண் விழுந்த அன்று அவர்கள் தப்பிக்க வழி இருக்கவில்லை. கடைசியில் எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள் கையால் தோண்டிக் காப்பாற்றினார்கள். இடரைப் பதிவேட்டில் எழுதுவதற்கும் அதற்குப் பணம் ஒதுக்குவதற்கும் உள்ள தூரத்தை இதைவிட எப்படிச் சொல்ல?

பலெர்மோவில் சாலை என்று பேச்செடுத்தால் கபாச்சியைத் தாண்டிப் போக முடியாது. 1992 மே 23 அன்று விமான நிலையத்திலிருந்து நகருக்கு வந்த ஏ29 நெடுஞ்சாலையில், மழைநீர் கடக்கப் போட்டிருந்த குழாய்க்குள் சுமார் 500 கிலோ வெடிமருந்தை அடைத்து மாஃபியா வெடித்தது. நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனே, அவர் மனைவி பிரான்செஸ்கா மோர்வில்லோ, மூன்று காவலர்கள் இறந்தார்கள். அதே மாஃபியா சிமெண்டிலும் ஜல்லியிலும் மண் அள்ளுவதிலும் பங்கு வைத்திருந்தது. பலெர்மோவிலேயே கொல்லப்பட்ட அரசியல்வாதி பியோ லா தோர்ரேயின் பெயரைத் தாங்கிய 1982ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, அரசு வேலை எடுப்பவருக்கு மாஃபியாத் தொடர்பு இல்லை என்ற சான்று தேவைப்பட்டது. இத்தாலி அந்த இடரைப் பெயர் சொல்லி எழுதியது. நம் பதிவேடுகளில் அதற்கு ‘லோக்கல் பிரச்சினை’ என்று செல்லப் பெயர். எம்-சாண்ட் லாரியை யார் நிறுத்துகிறார், கிராவல் யார் குவாரியிலிருந்து வர வேண்டும் என்பது ஏஇ முதல் மேஸ்திரி வரை தெரிந்த விஷயம். காகிதத்தில் மட்டும் அதற்கு இடமில்லை.

2018 ஆகஸ்ட் 14 அன்று ஜெனோவாவில் மொராந்தி பாலம் விழுந்து 43 பேர் இறந்தார்கள். 1967இல் திறந்த பாலம். எஃகு இழைகளைக் கான்கிரீட்டால் மூடியிருந்ததால் உள்ளே அரிப்பதைக் கண்ணால் காண முடியாது. மூன்று கோபுரங்களில் ஒன்றை மட்டும் 1990களில் வெளிக்கம்பிகளால் வலுப்படுத்தினார்கள். விழுந்தது, வலுப்படுத்தாத ஒன்பதாம் எண் கோபுரம். அதற்குப் பிறகு, 2020இல் இத்தாலி பாலங்களுக்கான புது வழிகாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பாலத்துக்கும் ஐந்து நிலைகளில் ஒரு ‘கவன வகுப்பு’. அதைத் தீர்மானிக்க நான்கு கணக்குகள்: கட்டமைப்பு, நிலநடுக்கம், மலைச்சரிவு, வெள்ளம். நான்கும் ஒரே கோப்பில். தூணை மட்டும் பார்த்து ‘சரி’ எழுத இனி வழியில்லை. இமேராவில் சாய்ந்த தூணுக்கு ஒரு நினைவுச் சின்னம் என்றால் அது இந்த விதிதான்.

தமிழ்நாட்டுக்கு அதே விதி வேண்டும். ஆற்றைக் கடக்கும் எந்தப் பாலத்துக்கும், டெண்டர் விடுமுன் நீர்வளத் துறை தன் அணையின் அதிகபட்ச வெளியேற்றத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சாலை அகலமாக்கும் முன் இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் சரிவு வரைபடம் அதே கோப்பில் தைக்கப்பட வேண்டும். மண் துளைகளை அரசே போட்டு, முடிவை எல்லா ஒப்பந்ததாரருக்கும் ஒரேபோலக் கொடுத்து, அதில் இல்லாத மண் வந்தால் செலவை அரசே ஏற்க வேண்டும். கணக்குப் பார்த்தால் இதுவே மலிவு. தணிக்கைக்குப் பயந்து எந்த அதிகாரியும் தானாக இதைச் செய்ய மாட்டார், அரசாணைதான் வேண்டும்.

பலெர்மோவில் ஆயிரக்கணக்கில் ஈழத் தமிழர்கள் இருக்கிறார்கள். நகரத்தின் காவல் தெய்வமான புனித ரோசாலியாவைக் காண, கிறிஸ்தவர் இந்து என்ற பேதமில்லாமல் மோந்தே பெல்லெக்ரீனோ மலையேறுகிறார்கள். 1624 கொள்ளை நோயிலிருந்து ஊரைக் காத்தவள் அவள் என்பது நம்பிக்கை. நம்பிக்கை பக்தருக்கு இருக்கட்டும். பொறியாளருக்கு எண் வேண்டும்.

நெடுஞ்சாலைத் துறை அமைச்சருக்கு ஒரு சின்ன வேண்டுகோள். தென்பெண்ணையில் அடுத்து எழும் பாலத்தின் கல்வெட்டில், திறந்துவைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் பெயர்களுக்குக் கீழே ஒரு வரி சேர்த்துப் பொறிக்கச் சொல்லுங்கள்: இந்தப் பாலம் எத்தனை கன அடி வரை தாங்கும், சாத்தனூர் அணையைத் திறந்தால் எத்தனை கன அடி வரும்.